எட்டு நிமிஷம்

திங்கட்கிழமை
நாலு முப்பது என்று பார்த்துத்தான்
நிதானமாகத் தலை பின்னினேன்.
ரயில்வே கேட் தாண்டும்போது
கம்பெனி பஸ்ஸின் பின்சிவப்பு
தடா பக்கம் திரும்பிவிட்டது.

நாலு முப்பத்தெட்டாம் அது.
எட்டின் நடுக்கோடு செத்து
பூஜ்யமாகியிருந்தது.
மற்ற கோடுகளும்
சட்டைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட் மைபோல.
கீழிருந்து பார்த்தால் கொஞ்சம் தெரியும்.
பாயில் படுத்திருக்கும் பையனுக்கு மணி தெரிகிறது,
கிளம்பவேண்டிய எனக்கு இல்லை.

ஆரம்பாக்கம் கடையில்
முப்பது ரூபாய்க்கு இரண்டு கட்டை.
போட்டேன். அதே வெளிறல்.
ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தது.
பையனின் ரப்பரால் தேய்த்தேன்,
எலுமிச்சை தொட்டும் தேய்த்தேன்.
ஸ்பிரிங் மினுங்கிற்று.

"தூக்கிப் போடு, சூளூர்பேட்டையில்
நூற்றைம்பதுக்குப் புதுசு" என்றார் முனிரத்தினம்,
ஐஸ் பிளாண்ட் நைட் முடித்து
மீன் வாசத்தோடு வந்து.

நாளைக்கு அறுநூறு கண்ணாடிக்குப்
படலம் ஒட்டுகிற கை இது.
ஒரு கோடு மங்கினாலும்
லைன் லீடர் நாகபூஷணம்
சிவப்புத் தட்டில் போட்டுவிடுவான்.
சிவப்புத் தட்டு எங்கே போகிறதென்று
ஆறு வருஷமாக யாரும் சொன்னதில்லை.

நாலு ஸ்குரூ.
கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு ரப்பர் துண்டு, வரிவரியாய்
கருப்பு, வெளுப்பு, கருப்பு.
அந்த வரிகள் வழியாகத்தான்
எண்ணுக்கு உயிர் ஏறவேண்டும்.
தளர்ந்திருந்தது. அடுப்பின் எண்ணெய்ப்புகை வேறு.
ஸ்பிரிட் பஞ்சால் ஒரே பக்கமாகத் துடைத்து
கட்டைவிரலால் அழுத்தினேன்.
வந்தது நடுக்கோடு.
விரலை எடுத்தேன், போயிற்று.
மறுபடி அழுத்த,
"எனிமிதி!" என்று கத்தினான் பையன்.
எண்கள் அவனுக்கு
இன்னும் பக்கத்து வீட்டுப் பாஷைதான்.

எத்தனை நேரம் விரலை வைத்திருப்பது?
கைப்பையைத் துழாவினேன்.
சாயங்காலம் தந்த சீட்டு:
வராத நாள் ஒன்று,
பிடித்தம் ஐநூற்று நாற்பது.
எட்டாய் மடித்துப்
பலகைக்குப் பின்னால் செருகி
ஸ்குரூவை முறுக்கினேன்.

கருகருவென்று நிற்கிறது எட்டு.
காலையா மாலையா காட்டும் மூலை மட்டும்
இன்னும் காலி.
சீட்டை இன்னொரு மடிப்பு மடித்துப் பார்க்கலாம்.
இருக்கட்டும்.
நைட் ஷிஃப்ட் வாரத்தில்
அது யாருக்குத் தெரிகிறது
இந்த வீட்டில்?