பதினான்காம் பக்கத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே

என் இயந்திரத்தில் இருபத்திரண்டு விசைகள்.
"ஆமாம் ஐயா" என்பதற்கு ஒரே அழுத்து போதும்.
அன்று அதை முப்பத்தொன்பது முறை அழுத்தினேன்.

நெப்ராஸ்கா. மார்ச். வெளியே அழுக்குப் பனி.
டெல்மர் ஹ்ருஷ்காவுக்கு முப்பத்து நான்கு வயது.
தானியக் கிடங்கு எரிந்தது, உள்ளே தூங்கியவர் இறந்துபோனார்,
கொளுத்தியது நான்தான் என்று இரவு இரண்டு மணிக்கு
ஷெரீபிடம் சொல்லியிருக்கிறான்.
விடிந்ததும், போன வருஷத்து ஆலங்கட்டி மழையும்
தன்னால்தான் என்றானாம்.
அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

நீதிபதி ஓடன்வால்ட் அவசரக்காரர் இல்லை.
ஒவ்வொன்றாகத்தான் கேட்டார்:
ஜூரி விசாரணை உன் உரிமை, அதை விட்டுக்கொடுக்கிறாய், புரிகிறதா?
கேள்வி முடியுமுன்னே வந்துவிடும் பதில்.
மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா?
"வெள்ளை மாத்திரை இருக்கு. மஞ்சள் தீர்ந்துபோச்சு."
அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.
நானும் போனேன். விரல்களுக்கு நிற்கத் தெரியாது.

அப்புறம் அவன் என் பக்கம் திரும்பி
மெதுவாகக் கேட்டான்:
"என்ன பாட்டு வாசிக்கிறீங்க? எனக்குக் கேக்கவே மாட்டேங்குது."
பின்வரிசையில் கொஞ்சம் சிரிப்பு.
நீதிபதி கையைத் தூக்கினார்.
இது பதிவுக்கு வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.
விசைகளிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தேன்.

நாற்பது வருடம்.
கையெழுத்தை உருட்டி உருட்டிப் போட்டான்,
தேதி இருக்க வேண்டிய இடத்திலும் பெயரையே.

பதினொரு ஆண்டு கழித்து மரிசெல் ஓர்த்தேகா என்கிற வக்கீல்
பதினான்காம் பக்கத்தில்
அந்த மஞ்சள் மாத்திரையைக் கண்டெடுத்தாள்.
இப்போது விசாரணை இவனைப் பற்றியல்ல,
அன்றைய அவனைப் பற்றி:
அந்த மார்ச் காலையில்
புத்தியும் அவனோடு கோர்ட்டுக்கு வந்திருந்ததா?
உருகி ஓடிய பனிக்கு எடை கேட்கிறார்கள்.
இரண்டு மனநல மருத்துவர்கள், இரண்டு எடைகள்.

ஓய்வுபெற்ற என்னையும் கூப்பிட்டார்கள்.
பாட்டைப் பற்றிச் சொன்னேன்.
அரசு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்:
அது எங்கே எழுதியிருக்கிறது?
எங்கேயும் இல்லை.
எழுதாதது எப்படி நினைவிருக்கிறது?
எழுதியதுதான் சார் மறந்துபோகும், என்றேன்,
அது விரலோடு போய்விடும்.

கூண்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெண்
அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

டெல்மர் இப்போது வேளை தவறாமல் மருந்து எடுக்கிறான்.
நரைத்திருக்கிறான், உடம்பு ஊதியிருக்கிறது.
எல்லாம் புரிகிறது;
நாற்பது என்றால் எவ்வளவு என்பதும்.

தீர்ப்பு அக்டோபரில் என்கிறார்கள்.
அழைத்துப் போகும்போது என்னைப் பார்த்தான்.
அடையாளம் தெரிந்ததா, தெரியவில்லை.
அன்றே பதில் சொல்லியிருக்கலாம் நான்:
பாட்டு இல்லை தம்பி,
நீ சொல்வதைத்தான்
வாசிக்கிறேன்.