தொகை வாசிப்பவன்

எங்கள் ஊரில் காணிக்கை ஊமையல்ல.
உறையைப் பிரித்து, பெயரும் தொகையும்
நான்தான் உரக்க வாசிக்கிறேன்,
பதினோரு வருஷமாக.

சவாயித் தீவின் தென்கரை.
எரிமலைக் கல்மேல் சுண்ணாம்பு பூசிய ஆலயம்.
வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடுப்பு,
கஞ்சி மொடமொடக்கும் ஐம்பது குடும்பம்.
பனையோலை விசிறிகள் ஆடிக்கொண்டிருக்கும்;
நான் வாய் திறந்ததும் நின்றுவிடும்.

ஐந்நூறு தாலா என்றால் என் குரல்
கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும்.
இரண்டு தாலா என்றால்
தொண்டைக்குள்ளேயே பாதி கரையும்.
யாரும் கற்றுத்தரவில்லை.
அபிஷேகம் பெற்ற குரல் என்பார்கள் மூப்பர்கள்.
அந்தக் குரலால் நான் தனியே
ஒரு வார்த்தை ஜெபித்து வருஷங்கள் ஆயிற்று.
அந்தக் கணக்கை யாரும் வாசிப்பதில்லை.

லோசிவாலேயின் புருஷன் படகோடு போனவன்.
அதன்பின் அவள் பெயர் பட்டியலின் அடியில்:
மூன்று தாலா, ஒன்று,
பிறகு வெறும் பெயர்.
வெறும் பெயரையும் வாசிக்க வேண்டும். அது முறை.
ஒரு ஞாயிறு அவள் வரவில்லை.
அடுத்ததும்.
உடம்புக்கு முடியவில்லை என்றார்கள்.
உடம்புக்கு ஒன்றுமில்லை. என் வாய்க்குத் தெரியும்.

மழை விட்ட ஒரு காலையில்
அவள் பெயரில் ஓர் உறை இருந்தது.
நூற்றெழுபது தாலா.
குரல் தன்பாட்டில் ஏறியது.
விசிறிகள் மறுபடி ஆட நேரமெடுத்தன.

உறையைத் திருப்பிப் பார்த்தேன்.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு,
ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு கிரீஸ்.
இப்படி ஏழு போடுகிறவன் ஊரில் ஒருவன்தான்;
என் மோட்டாருக்கும் ரசீது எழுதியிருக்கிறான்.

பெசமினோ.
டை கட்டாமல் வாசலோரம் உட்கார்ந்து
பிரசங்கத்தில் தூங்குகிறவன்.
"ஆக்லாந்திலிருந்து மகள் பணம் அனுப்புகிறாள்,
ஆண்டவருக்கு மட்டும் சில்லறை" என்று
மூப்பர் ஃபுய்மாவோனோ பல்லைக் கடிப்பது
அவனைப் பற்றித்தான்.

அடுத்த உறை அவனுடையது.
அதே கிரீஸ். இரண்டு தாலா.

சொல்லியிருக்கலாம்.
சொல்லக்கூட வேண்டாம்,
குரலைக் கொஞ்சம் தூக்கினால் போதும்,
சபை முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும்.
நாக்கு நுனிவரை வந்த நல்ல காரியம் அது.
எனக்குமே அதில் கொஞ்சம் புகழ் இருந்தது.

"பெசமினோ. இரண்டு தாலா."
வழக்கம்போலத் தாழ்த்தி, வழக்கம்போலப் பாதி கரைத்து.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவன் தூங்கிக்கொண்டிருந்தான்,
அல்லது தூங்குவதுபோல் இருந்தான்.
அதை ஜெபம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.
முழங்கால் மட்டும் நடுங்கியது,
மேசைக்குப் பின்னால்.

மறுவாரம் லோசிவாலே வந்தாள்.
ஆராதனை முடிந்து, எல்லாரும் போனபின்
"அது நான் போட்டதில்லை" என்றாள்.
"பெயர் உங்களுடையதுதான்" என்றேன்.
கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.
பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு
வெயிலில் இறங்கிப் போனாள்.

அன்று வீட்டில் சேம்பும் பன்றியிறைச்சியும்
வாழையிலையில் ஆவி பறந்தன.
கைகழுவச் செம்பை நீட்டினாள் மனைவி.
விரலை முகர்ந்து பார்த்தேன்:
அந்த வாரத்து உறையிலிருந்தும்
லேசாகப் பெட்ரோல்.
கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தேன்.