எடைமேடை, புதுவயல்

நேற்று ராத்திரி நான்தான் புது சிஸ்டம் ஏற்றினேன்.
நூறு சதவீதம் என்றதும்
காரைக்குடிக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.
ரீஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

காலையில் கறுப்புத் திரை.
மூலையில் ஒரு கோடு சிமிட்டுகிறது.
வட்டு இல்லையாம்.
காதை வைத்தால் உள்ளே சுற்றுவது கேட்கிறது.

ஏழு நெல் லாரி வெளியே.
முதல் வண்டி மேடைமேலேயே.
"என் கனம் அதுக்கு மறந்துபோச்சாம்மா?"
டிரைவர் செபஸ்தியான்.

எஃப் டூ. தவறிவிட்டது. அணைத்து, மறுபடி
எஃப் டூ எஃப் டூ எஃப் டூ
நீலப்பக்கம்.

அட, இந்த ஊர்ப் பெரியவீட்டுக் கதைதான்:
முகப்பு ஒரு தெரு, பின்கட்டு மறு தெரு.
புதுசை நான் குடிவைத்தது பின்தெருவில்.
பெட்டி விடிந்ததிலிருந்து முன்கதவைத் தட்டி
ஆளில்லை ஆளில்லை என்கிறது.

பழைய வழியை அடைத்தேன். சேமி. வெளியேறு.
கணக்கு எழுதும் உமையாள் மூச்சே விடவில்லை.

பதினெட்டாயிரத்து நானூற்று இருபது கிலோ.
செபஸ்தியான் குதித்து இறங்கினார்.
எழுபது குறைந்தது.
"சரிதான்," என்றார். "நேத்தும் இதே நான்தான்."

ரசீது கிழித்தபோதுதான் பார்த்தோம்:
நேரம், அதிகாலை மூன்று நாற்பது.
வெயில் ஆலைக் கூரைமேல் ஏறிவிட்டது.
அதை மதியம் பார்க்கிறேன் என்றேன்.