ஆற்காட்டுக்கு இரண்டு டிக்கெட்

ரிப்போர்ட் நாளை மாலை நான்கு மணிக்கு.
அதுவரை என்ன செய்வதென்று
கவுன்ட்டரில் இருந்தவர் சொல்லவில்லை.

லாட்ஜ் பையன் கோட்டையைச் சொன்னான்,
தங்கக் கோயிலைச் சொன்னான்.
ஜெசிந்தா ஒரு பேருந்தின் நெற்றியைப் படித்து
'ஆற்காடு' என்றாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
மூன்று வாரமாய் அவளிடம் எல்லோரும்
கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

'தெக்கத்தி ஆளுங்களா? ஆஸ்பத்திரிக்கா?'
நடத்துநர் மீதிச் சில்லறையோடு
ஊர்ச் சொலவடை ஒன்றையும் தந்தார்:
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை.
சத்துவாச்சாரி தாண்டும்வரை
அதையே மென்றுகொண்டு வந்தாள்.
'இல்லாததை எல்லாம்
எவ்வளவு கவனமா எண்ணி வச்சிருக்காவ.'

ரத்தினகிரி போனது.
மேல்விஷாரத்தில் தோல் வாடை ஏறியது,
பின்னாலேயே ஒரு கல்லூரிப் பெண்.
ஜெசிந்தா மூக்கைப் பொத்தியதைப் பார்த்து
பர்தாவுக்குள்ளிருந்து ஏலக்காய் எடுத்து நீட்டினாள்.
'எங்களுக்குத் தெரியாதுக்கா,
பழகிப்போச்சு.'

ஆற்காட்டுக் கடைவீதியில்
பூட்டு, உர மூட்டை, பிளாஸ்டிக் குடம்,
தலைக்கு மேல் நூறு ஒயர்.
நவாப்புகள் ஆண்ட ஊர் என்று
ஒரு பிரியாணிக்கடைப் பலகைதான் சொன்னது.
டில்லி கேட்டுக்கு வழி கேட்டோம்.
'நடந்தேவா?' என்றார்
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தவர்.

பாலாற்றங்கரையில் நின்றது.
வாசல் மட்டும்.
இந்தப் பக்கம் மதில் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.
ஆடுகள் சுற்றிக்கொண்டு போயின.
ஜெசிந்தா வளைவுக்குள் புகுந்தாள்,
திரும்பி வந்தாள்,
மறுபடி புகுந்தாள்.
'இதுல உள்ள எது, வெளிய எது?'
ஆறு இருக்கிற பக்கம் வெளியே, என்றேன்
ஏதோ தெரிந்தவன் போல.
மணலையும் வேலிக்காத்தானையும் பார்த்து நின்றாள்.
'அப்ப நான் இப்ப வெளிய நிக்கேன்.'

மக்கன் பேடா அரைக் கிலோ வாங்கினாள்.
அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி:
'யாருக்கு?'
'கவுன்ட்டர்க்காரருக்கு.
நாளைக்கு நாலு மணிக்கு.
எந்தக் காகிதம் குடுத்தாலும்.'
நாளை வரை தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டாள்.
'பாகுல கெடக்குதும்மா,
மூணு நாளைக்குக் கவலையில்ல.'

அப்புறம் இலவம்பாடி முள்ளுக் கத்திரி.
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கும்போது
காம்பின் முள் குத்தி
விரல்நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.
அதை என்னிடம் தூக்கிக் காட்டினாள்.
'இதையும் டெஸ்டுக்குக் குடுத்திரலாமா?'
கத்திரிக்காய் விற்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை.
நாங்கள் இருவரும் சாக்கைப் பிடித்துக்கொண்டு
சிரித்த சிரிப்பில்
ஒரு கைப்பிடி கொசுறு போட்டாள்.

லாட்ஜில் ஸ்டவ் வாடகைக்குக் கிடைக்கும்,
இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி.
மணப்பாட்டுக் கருவாட்டைப் பையின் அடியிலிருந்து எடுத்தாள்.
எண்ணெயில் கத்திரி சுருண்டபோது
பக்கத்து அறை வங்காளி அம்மாள்
கையில் குழந்தையின் ஸ்கேன் உறையோடு
வாசலில் வந்து நின்றார்.
மூக்கைத் தொட்டுக் காட்டினார், புருவத்தை உயர்த்தினார்.
ஜெசிந்தா ஒரு தட்டைக் கழுவினாள்.

அவர் போன பிறகு
கதவைச் சாத்த எழுந்தேன்.
'கெடக்கட்டும்' என்றாள்,
'புகை போவட்டும்.'