நாக்கின் எடை

இழுவை வண்டிக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும்
இரும்புக்கு நாக்கு என்று பெயர்.
யார் வைத்த பெயரோ.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை
டூசானில் எங்கள் வீட்டுப் பின்பக்கம்
குளியலறை எடைக்கருவி, ஒரு பலகை,
ஒரு குழாய்த்துண்டு, இரண்டு செங்கல்.
முள் நூற்றைம்பதில் நின்றது.
மூன்றால் பெருக்கினால் நானூற்றைம்பது பவுண்டு.
மொத்த எடையில் பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல்.
போதும் என்றேன் சத்தமாக.
டெல்ஃபினா ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாலு வயது. என் ரத்தமில்லை.
அவள் அம்மா யோலாண்டா மார்ச்சில் போனாள்.
அப்போதிலிருந்து இந்த வீட்டில் பேசுவது
ஃபிரிட்ஜ் மட்டும்.
அதன் கதவில் நான் ஒட்டிய பட்டியலில்
'தண்ணீர், பத்து காலன்' என்றிருந்ததை
யாரோ பென்சிலால் அடித்து
இருபது என்று எழுதியிருந்தார்கள்.
யாரோ.
வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டேன்;
கொக்கி கழன்றாலும் நாக்கு ரோட்டில் விழாமல்
ஏந்திக்கொள்ளும்.
விளக்கு எரிகிறதா என்று பின்னால் போய்ப் பார்க்க
பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டும்.
கேட்கவில்லை.
சீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே
துடைப்பக்கட்டையை முட்டுக்கொடுத்தேன்.

ஃபீனிக்ஸ் தாண்டி, டோனோபா தாண்டி,
அறுபதில் போய்க்கொண்டிருக்கையில்
இடப்பக்கம் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று
காற்றைத் தள்ளிக்கொண்டு கடந்தது.
கண்ணாடியில் டிரெய்லர்
முதலில் தலையாட்டியது, மாட்டேன் என்பதுபோல.
பிறகு வாலைச் சுழற்றியது.

கால் பிரேக்குக்குத்தான் ஓடும். விடக்கூடாது.
எதிர்த்துத் திருப்பக் கை துடிக்கும். கூடாது.
ஆக்ஸிலரேட்டரை விட்டேன்,
ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன்,
முழங்காலருகே உள்ள சின்ன விசையை அழுத்தினேன்.
அது டிரெய்லர் சக்கரங்களை மட்டும் பிடிக்கும்.
ஐம்பத்தைந்து.
நாற்பத்தெட்டு.
நாற்பது.
டெல்ஃபினாவின் விரல்கள்
கதவுப்பிடியில் வெளுத்திருந்தன.

அடுத்த கிளைச்சாலையில் இறங்கி நிறுத்தினேன்.
பின்கட்டிலுக்கு அடியில், போர்வைக்குள்,
நான் ஏற்றாத மூன்று பெட்டிகள்.
கல். அகேட், ஜாஸ்பர், பெயர் தெரியாத ஒரு பச்சை.
ஒவ்வொன்றிலும் வெள்ளை மையில்
யோலாண்டாவின் கையெழுத்தில் ஒரு தேதி.

நாக்கில் கனம் குறைந்தால் வால் ஆடும்.
இதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.
அவளும் என்னிடம் சொல்லியிருக்கலாம்.
பெட்டிகளைத் தூக்கி
அச்சுக்கு முன்னால், அடுப்படிக் கீழ் வைத்தேன்.
மூன்றாவதன் மறுமுனையை
அவள் பிடித்தாள்.

குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே, சரளை இறுகிய மேடு.
ஓடைப் படுகை இதைவிடச் சமம்தான்;
ஆனால் மழை எங்கோ மலையில் பெய்யும்,
வெள்ளம் இங்கே வந்து எழுப்பும்.
பின்னோக்கி ஏற்ற வேண்டும்.
ஸ்டியரிங்கின் அடியைப் பிடித்துக்கொண்டால்
கை போகும் பக்கம் டிரெய்லர் போகுமாம்.
மூன்று தடவை மடங்கிக்கொண்டது.
நாலாவதில் அவள் இறங்கிப் போய்
பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்றாள்.
கையசைத்தாள். இடது. இன்னும். இன்னும்.
"நில்லு கர்ட்டிஸ்! மரம்!"

பாலோ வெர்டே ஒரு சாண் தள்ளி நின்றது.
எட்டு மாதத்தில் முதல் வாக்கியம்.
அதில் என் பெயரும் ஒரு மரமும் இருந்தன.

டிரெய்லரைக் கழற்றும் முன்
சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வேண்டும்.
மஞ்சள் ரப்பர் கட்டைகளை எடுத்துக்கொண்டு வருவதற்குள்
இடச் சக்கரத்தடியில் பெரிய ஜாஸ்பர் ஒன்று,
தேதி மேலே தெரியும்படி.
உருண்டைக் கல். தாங்காது.
அதை எடுக்கவில்லை.
பக்கத்தில் கட்டையை இறுக்கித் தட்டினேன்.

அந்த அதிகப்படிப் பத்து காலன் எதற்கென்று
ராத்திரிதான் புரிந்தது.
வாளி, டார்ச், மடியில் பெட்டி.
ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டிருந்தாள்.
காய்ந்தால் எல்லாம் ஒரே சாம்பல்.
நனைந்தால்தான்
எது சிவப்பு என்று தெரிகிறது.