அவரவர் கையால் எண்சாண்

பகலில் எனக்கு எலும்பு பார்க்கிற வேலை.
கரகண்டாவில், சுரங்கத்தார் மருத்துவமனையில்,
எக்ஸ்ரே அறை.
"மூச்சைப் பிடியுங்கள். ம், விடலாம்."
நிலக்கரி ஆள், பனியில் வழுக்கிய தபால்காரி,
மதில் தாண்டிய பொடியன்.
தோலை உரித்தால் எல்லாரும் ஒன்று என்பார்கள்,
உரித்துப் பார்க்காதவர்கள்.
இடுப்புக் குழி ஒருவருக்குப் பக்கம் பார்த்துத் திறக்கும்,
ஒருவருக்கு முன்னே.
தொடையெலும்பின் கழுத்து ஒருவருக்குக் குட்டை,
ஒருவருக்குக் கொக்கு எட்டிப் பார்க்கிற நீளம்.

சாயங்காலம், மூடிப்போன ரொட்டிக் கடைக்குக் கீழே
நிலவறையில் நானும் எர்னாவும் எடை தூக்குகிறோம்.
வெளியே மைனஸ் முப்பது.
இரும்புத் தண்டைத் தொட்டால்
உள்ளங்கைத் தோலைக் கேட்கும்.

எர்னாவின் மணிக்கட்டு பதினெட்டரை சென்டிமீட்டர்.
எனக்குப் பதினாலு.
என் கட்டைவிரலும் நடுவிரலும் அதைச் சுற்றிச் சந்தித்து,
ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும்.
அவளுக்கு அவை முகம் பார்த்ததே கிடையாது.

தோளில் தண்டோடு அவள் குந்தினால்
சுரங்கக் கூண்டு இறங்குகிற மாதிரி, நேர்க்குத்து.
நான் குந்தினால் கும்பிடு.
தொடை நீளம். அது பின்னே போகப் போக
முதுகு முன்னே விழுந்து கணக்கை நேர் செய்யும்.

சுவரில் ஒரு படம்: சரியான முறை.
நெஞ்சு நிமிர்ந்து, பார்வை நேராக ஒருவன்.
அவனுக்குத் தொடை என்று ஏதாவது இருக்கிறதா தெரியவில்லை.
இரண்டு வருஷம் அவனோடு சண்டை.
குதிகாலுக்கடியில் பலகை வைத்தேன்.
கணுக்காலை இழுத்து இழுத்து அழுதேன்.
குதிரைக் கறியும் குர்த்துமாகத் தின்று
ஆறு கிலோ ஏறினேன்.
மணிக்கட்டு? அதே பதினாலு.

பிப்ரவரியில் எர்னா பனியில் விழுந்தாள்.
முழங்கையைப் பிடித்தபடி என் அறைக்கே வந்தாள்.
படம் திரையில் வந்ததும்
விரிசல் தேட மறந்துவிட்டேன்.
என்ன கனம், என்ன வெள்ளை, கோட்டைச் சுவர்!
"உடைஞ்சிருக்கா?"
"உன்னை உடைக்க ரயில் வரணும்."

அவள் போன பிறகு
கூடாதுதான், என் கையை வைத்தேன்.
ஒன்பது வருஷத்துக்கு முன், வேலையில் சேர்ந்தபோது எடுத்த
பழைய படம் பக்கத்தில்.
நீளம் அதே. அகலம் அதே.
ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும்
கொஞ்சம் தடித்திருந்தது.
அல்லது அது வேறு மெஷின், வேறு ஒளி.
அல்லது என் ஆசை.
டாக்டரைக் கேட்கவில்லை.

சின்ன வயதில் அசிக் ஆடுவோம்,
ஆட்டுக் கணுக்கால் எலும்பை எறிந்து.
நின்றால் வெற்றி, கவிழ்ந்தால் தோல்வி.
என் தம்பி தைமாஸ் தோற்றால்
எலும்பைத் திட்டுவான்; ஜெயித்தால் கையை மெச்சுவான்.

வியாழக்கிழமை தரையிலிருந்து தூக்குகிற நாள்.
என் கை முழங்காலை விசாரிக்கிற நீளம்.
லேசாகக் குனிந்தால் தண்டு வந்துவிடும்;
அங்கிருந்து இடுப்புக்குக் கொஞ்ச தூரம்தான்.
எர்னாவுக்குக் கை குட்டை.
அடியாழம்வரை போய், அங்கிருந்து முழுவதும் வர வேண்டும்.
ஜெர்மனில் திட்டிக்கொண்டே வந்தாள், நூற்றிருபத்தைந்தோடு.
நான் நூற்றிமுப்பது.
அவள் தட்டுகளை இரண்டு முறை எண்ணினாள்.
"குச்சி," என்றாள், "வெறும் குச்சி."
பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத்
தன் விரல்கள் சந்திக்கின்றனவா என்று பார்த்தாள்.
சந்தித்தன. சிரித்தாள்.

அந்தப் படத்தை யாரும் கிழிக்கவில்லை.
எர்னா அவனுக்கு மீசை வரைந்தாள்.
நான் இப்போதும் கும்பிட்டுத்தான் குந்துகிறேன்,
கால்களை அகட்டி, முதுகை இறுக்கி.

அவரவர் கையால் அளந்தால் எவருக்கும் எண்சாண்தான்.
இரும்பு யார் கையால் அளக்கிறது?

என் முறை வந்தால் கொக்கியை
மூன்று துளை ஏற்றுகிறாள்.
அவள் முறைக்கு மூன்று துளை இறக்குகிறேன்.
ஒரு தடவை மறந்துபோய்
அவள் நுனிக்காலில் நின்று தண்டை எடுக்கப் பார்த்தாள்.
தெருவரை கேட்டது அந்த வசவு.