ஜீரோ கேட் வரிசை

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில்
நேற்று மாலை ஆறுக்கு நின்ற வண்டி.
இப்போது காலை ஒன்பது.
நகர்ந்தது நான்கு டிரெய்லர் நீளம்.

டேஷ்போர்டில்
சாமி படத்துக்குப் பக்கத்தில் குரோஷா ஊசி.
காசிமேட்டில் எடைக்கு வாங்கிய
பச்சை நைலான் நூல்.

சதுரம் என்றுதான் ஆரம்பித்தேன்.
ஒரு மூலை கோபித்துக்கொண்டு
உள்ளே மடங்கியது.
பிரிக்கவில்லை.
அந்தக் கோபத்தின் பின்னாலேயே போனேன்.
இப்போது கிண்ணம் மாதிரி இருக்கிறது,
கவிழ்த்தால் திருக்கை மாதிரி.

"இன்னாண்ணா அது?"
தூங்கி எழுந்த கிளீனர் ஏசுபாதம்.
தெரியலடா.
"விக்கிறதுக்கா?"
இல்ல.
"அண்ணிக்கா?"
அவளுக்கு எதுக்குடா இது.
டீ கிளாஸை ஊதியபடி
வெகுநேரம் ஊசியையே பார்த்தான்.

முதுகுக்குப் பின்னால் இருபது டன்.
உள்ளே என்னவென்று யாரும் சொன்னதில்லை,
சீல் நம்பர் மட்டும் தெரியும்.
பதினெட்டு வருஷமாக
அடுத்தவன் பூட்டிய பெட்டி.
இந்தப் பச்சையில்
எந்தக் கண்ணி எங்கே என்று
விரலுக்குத் தெரியும்.
ஏழாவது சுற்றில் ஒன்று தப்பு.
அது மணலிக் காற்று கண்ணை எரித்த இரவு.
இருக்கட்டும்.

பின்னால் ஹாரன்.
முன்னால் இரண்டு வண்டி இடம் திறக்கிறது,
ஆட்டோ நுழையப் பார்க்கிறது.
"போண்ணா, போ!"
இருடா,
இதை விட்டால் மொத்தமும் பிரிஞ்சிடும்.

ஏசுபாதம்
கிரீஸ் விரலை லுங்கியில் துடைத்து
கண்ணியைப் பிடித்துக்கொண்டான்.

நான் கியர் போட்டேன்.